இரண்டாவது பாட்டில்

என் கணவருக்கு மூச்சு வாங்குவதை முதலில் கவனித்தவள் நான் இல்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர்தான் கவனித்தார். இருவரும் பவர் பிரஸ் ஓட்டினார்கள். தகட்டை உள்ளே தள்ளி, பெடலை மிதித்து, வண்டிகளுக்குப் போகும் துண்டுகளை அடித்து எடுக்கும் வேலை. ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவனை ஒரு டாக்டருகிட்ட காட்டு. பத்து தகடு தூக்கறதுக்குள்ள நின்னு நின்னு மூச்சு வாங்கறான்."

"வெயிலுங்க அண்ணா" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தப் பக்கத்து மெஷின்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கெலமங்கலத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம் அவருடையது. என் மாமனார் ஆயுசு முழுக்க அவர்கள் நிலத்தில்தான் கூலிக்குப் போனார். தொழிற்பேட்டை வந்த பிறகு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே ஒரே டிபன் டப்பாவில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். பஸ்ஸிலும் ஒரே சீட்டு. ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் அவர் அவருடைய தெருவுக்குப் போவார், நாங்கள் எங்கள் தெருவுக்குப் போவோம். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

நானும் பேட்டையில்தான் வேலை செய்தேன். டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றும் சிறிய கம்பெனி. முழுக்கப் பெண்கள். நூறு சுற்று, இருநூறு சுற்று என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் முழுவதையும் பிரிக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எண்பதுகளின் கடைசி.

கம்பெனி டாக்டர் என் கணவரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் சாப்பிட்டும் நிறம் திரும்பவில்லை. பிறகு பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒவ்வொரு சோதனையாகச் செய்து, வலது பக்கம் பெருங்குடலில் கட்டி என்றார்கள். அந்தக் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் பல மாதமாக ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. புற்றுநோய் என்ற வார்த்தையை என்னிடம் சொன்னவர் பெரிய டாக்டர். கன்னடக்காரர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். முடித்த பிறகு ஒரு பேப்பரை நீட்டினார்.

"ரெண்டு பாட்டில் ரத்தம் ரெடி பண்ணி வெச்சிடுங்கம்மா. தேவைப்பட்டா மட்டும் ஏத்துவோம்."

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அதுவரை என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்பத்திரி நடையில் போவதும் வருவதுமாக இருந்த எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. நேராக ரத்தம் எடுக்கும் அறைக்குப் போய்க் கையை நீட்டினேன். விரலில் குத்தி, வந்த சொட்டை ஒரு கண்ணாடிக் குவளையில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டார் அங்கிருந்த பெண். சொட்டு முங்க வேண்டுமாம். என்னுடையது மேலேயே நின்றது.

"மிதக்குதும்மா. உங்களுக்கே ரத்தம் கம்மி. எடையும் நாப்பத்தொண்ணுதான். எடுக்கக் கூடாது."

"கொஞ்சமா எடுத்துக்கங்க."

"கொஞ்சம்லாம் எடுக்க முடியாதும்மா."

அந்த அவமானத்தோடு பஸ் ஏறி ஓசூர் வந்தேன். மதியம் ஷிப்டு மாறும் நேரத்துக்கு என் கணவரின் கம்பெனி கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். உள்ளே போகிறவர்கள் நூறு பேர், வெளியே வருகிறவர்கள் நூறு பேர். யாரிடம் எப்படிக் கேட்பது? வெட்கத்தைவிட்டு ஒவ்வொருவராக நிறுத்தினேன். தமிழில் கேட்டேன், எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். ஒருவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒருவர் போன மாதம்தான் காமாலை என்றார். பக்கத்து மெஷின்காரர் வெளியே வந்தவர், நான் முடிக்கும்வரைகூட நிற்கவில்லை.

"எனக்கு என்னா குரூப்புன்னு தெரியாது. ஒத்துப்போச்சுன்னா எடுத்துக்கட்டும். காலையில வர்றேன்."

மறுநாள் நான்கு பேர் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு பேருடையது சேர்ந்தது. ஒருவர் மெஷின்களைப் பழுது பார்க்கும் கன்னடக்கார பிட்டர். இன்னொருவர் பக்கத்து மெஷின்காரர். பிட்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுப் படுத்தார். பக்கத்து மெஷின்காரர் ரத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே சொன்னார்:

"களி தின்ன ரத்தம்மா இது. இவனை எழுந்து ஓட வெச்சிடும் பாரு."

ஆபரேஷன் நான்கு மணி நேரம் நடந்தது. பிட்டரின் பாட்டில் உள்ளேயே ஏறிவிட்டது என்றார்கள். கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று, பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார் பெரிய டாக்டர். அன்று நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வார்டில் பார்த்தபோது அவர் உதடும் தலையணை உறையும் ஒரே நிறமாக இருந்தன. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், மூடிக்கொள்வார். பெரிய டாக்டர் ரவுண்டு வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். நகரப் போனார். நான் வழியில் நின்றுகொண்டேன்.

"சார், இன்னொரு பாட்டில் இருக்குதுங்க. அதை ஏத்திடுங்க."

"பார்க்கலாம்மா. இப்ப அவசரம் இல்ல."

"அவசரம் இல்லைன்னா எப்புடிங்க? வெளுத்துப்போய்க் கெடக்கறாரு. லீவு போட்டுட்டு வந்து குடுத்துட்டுப் போயிருக்காங்க. உள்ள பெட்டியில வெச்சிக்கினு இல்லைங்கறீங்களே?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்சு என் தோளைப் பிடித்தார். உதறினேன். என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் கோபப்படவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனார். மதியம் வந்து ரத்தம் குத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று மணி சுமாருக்கு இரண்டாவது பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு சொட்டாக இறங்குவதை, செம்புக் கம்பியை எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் தையல் போட்ட இடம் சிவந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு தையலைப் பிரித்தார்கள், சீழ் வந்தது. பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது மூன்று வாரமாக நீண்டது. எங்கள் மகளை அம்மா வீட்டில் விட்டிருந்தேன். அவளைப் பார்க்கப் போகவும் மனமில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை. நடை, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், மறுபடி நடை. பக்கத்துக் கட்டில் அம்மா ஒருநாள், "உக்காரேண்டி, உன்னப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றார்.

தினமும் கட்டுப் பிரித்துச் சுத்தம் செய்ய ஒரு இளம் டாக்டர் வருவார். தெற்கத்திப் பையன், பயிற்சியில் இருந்தவர். ஊர்த் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நிறையப் பேசுவார். ஒரு காலை அவரிடம் கேட்டேன்.

"ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியும் ஏன் தம்பி இப்படிச் சீழ் புடிக்குது? ரத்தம் ஏறுனா உடம்புக்குத் தெம்புதானே?"

அவர் பஞ்சை எடுத்துக்கொண்டே, யோசிக்காமல் பதில் சொன்னார். "ரத்தம் ஏத்துனதுனாலயே கூட இருக்கலாம்க்கா."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே நிறுத்திவிட்டார். விடவில்லை நான். வெளியே நடை வரைக்கும் கூடவே போனேன். கடைசியில் அவர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"நம்ம உடம்புக்குள்ள காவல் இருக்குக்கா. வெளி ஆளு எது, நம்ம ஆளு எதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். மாத்து கிட்னி வெச்சவங்கள்ள ஒண்ணு கவனிச்சிருக்காங்க. முன்னாடியே அடுத்தவங்க ரத்தம் ஏறுன ஆளுங்க உடம்பு அந்தக் கிட்னிய அவ்வளவா எதுக்கறதில்ல. அடுத்தவங்க ரத்தம் நெறைய உள்ள வந்தா காவலு கொஞ்சம் அசந்துபோகுது போலிருக்கு. கிட்னிக்காரருக்கு அது நல்லது. ஆனா புத்துநோய்க்காரருக்கு?"

"நல்லதில்லையா?"

"கட்டிய எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு செல்லு தங்கியிருக்கலாம். அதைத் தேடிப் புடிக்கறதும் இந்தக் காவல்தான். அதான் சில டாக்டருங்க சந்தேகப்படுறாங்க. ரத்தம் ஏத்துனவங்களுக்கு நோய் திரும்புறது சாஸ்தியோன்னு. சந்தேகந்தாங்க்கா. இல்லைன்னும் சொல்றாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? முதல் பாட்டில் கத்தி பட்டபோது ஏறியது. அது டாக்டர் பாடு. இரண்டாவது பாட்டில் நான் சண்டை போட்டு வாங்கியது. வேண்டாம் என்ற மனிதரை வழிமறித்து வாங்கியது. என் கணவரின் உடம்பில் காவல் நின்றவர்களை நானே கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தூங்கவைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். புண் ஆறியது. நெறிகளில் நோய் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று மாதத்துக்கொரு முறை வந்து காட்டுங்கள் என்றார்கள். அவர் ஆறு மாதத்தில் வேலைக்குப் போனார், தகடு தூக்காத வேலையாகக் கொடுத்தார்கள். ஊரே எழுந்துவிட்டான் என்று பேசியது. நான்தான் எழவில்லை. அவர் இருமினால் என் கை வேலையில் நின்றுவிடும். ஒரு வாய் சோற்றை மிச்சம் வைத்தால் ஏன் என்று நான்கு முறை கேட்பேன். சட்டையைக் கழற்றும்போது விலா எலும்பை எண்ணுவேன். கம்பெனியில் என் சுற்று தப்ப ஆரம்பித்தது. சூப்பர்வைசர் அம்மா நான் சுற்றிய கம்பிக் காயிலைப் பிரித்துக் காட்டி, "என்னாச்சு உனக்கு? உன் கையில தப்பே வராதே" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கிடையில் பக்கத்து மெஷின்காரர் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கியிருந்தார். அவர் வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் வந்து வீட்டு வாசலில் நின்ற முதல் ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் தக்காளியோ அவரைக்காயோ ஒரு பையில் கொண்டுவருவார். உள்ளே பாயில் உட்காருவார். "என்னா, நம்ம ரத்தம் வேலை செய்யுதா?" என்று சத்தமாகக் கேட்டுச் சிரிப்பார். என் கணவரும் சிரிப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்தக் கேள்வி ஒவ்வொரு வாரமும் என் நெஞ்சில் விழும். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு அவர் போன பிறகு என் கணவர் கேட்டார்.

"அந்த மனுசன் வந்தா ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கினு போற? எங்கப்பனை அவங்க வீட்டுல நிக்கவெச்சாங்கன்னு இன்னுமா மனசுல வெச்சிக்கினு இருக்கற? எனக்கே அது இல்லை."

அப்படி நினைத்துவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தெற்கத்திப் பையன் சொன்னது, காவல், கிட்னி, நான் போட்ட சண்டை. நான் முடித்ததும் அவர் சொன்னார்:

"அந்த பாட்டில் ஏறுற வரைக்கும் எனக்கு உன் குரல் எங்கியோ தூரத்துல கேட்டுது. ஏறுன அப்புறமேட்டுக்குதான் கிட்டக்க கேட்டுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் வேலையில் அதைப் பக்கத்து மெஷின்காரரிடம் ஒரு வேடிக்கை போலச் சொல்லியிருக்கிறார். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்போ நான் குடுத்தது கெடுதலா?" என்று கேட்டாராம். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்கு மாறிவிட்டார்.

மூன்றாவது வருடம் தையல் தழும்பின் ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி என் விரலில் தட்டுப்பட்டது. அன்றைக்கே பஸ் ஏறினோம். மாநில எல்லையான அத்திப்பள்ளியில் பஸ் நின்ற பத்து நிமிடத்தில் நான் இறங்கி ஏறி இறங்கி, கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். பெரிய டாக்டர் அதை அமுக்கிப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். எட்டு நாள். அந்த எட்டு நாளில் நான் என்ன சமைத்தேன், எத்தனை காயில் சுற்றினேன் என்று இன்று கேட்டாலும் தெரியாது.

அது பழைய தையல் நூல் முடிச்சு. அதைச் சுற்றி உடம்பு சதை போர்த்தியிருக்கிறது. அவ்வளவுதான் என்றார்.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்று வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"சார், அன்னிக்கு நான் சண்டை போட்டு ஒரு பாட்டில் ஏத்தவெச்சேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. நான் போட்ட சண்டையையும் அந்த இளம் டாக்டர் சொன்னதையும் விவரமாகச் சொன்னேன். அவர் என் கணவரின் பழைய காகிதக் கட்டை வரவழைத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு தாளில் விரல் வைத்தார்.

"அன்னைக்கு மதியம் எடுத்த ரத்தத்துல அளவு காலையைவிட ரொம்ப இறங்கிடுச்சு. நாடி வேகமா இருக்கு. அதனால ஏத்தினேன். நீங்க கத்தினதுன்னு எதுவும் இதுல எழுதல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "யாரு கத்தினாலும் நான் ரத்தம் ஏத்தமாட்டேம்மா. கத்தினாங்கன்னு நிறுத்தவும் மாட்டேன்."

"அந்தத் தம்பி சொன்னது பொய்ங்களா?"

"பொய் இல்ல. சந்தேகம் இருக்கு. ஆனா இதை யோசிங்க. யாருக்கு ரத்தம் தேவைப்படுது? பெரிய கட்டி, கஷ்டமான ஆபரேஷன், முன்னாடியே ரத்தம் இல்லாத உடம்பு. அவங்களுக்கு நோய் திரும்பி வந்தா, அது ரத்தத்தால வந்துச்சா, நோயே பெரிசா இருந்ததால வந்துச்சா? பிரிச்சுச் சொல்றது கஷ்டம். நானும் இப்ப முன்ன மாதிரி சுலபமா ஏத்தறதில்ல. ஒரு பாட்டில்ல முடியும்னா ஒண்ணோட நிறுத்துவேன். ஆனா உங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு ஏத்தலன்னா, மூணு வருஷம் கழிச்சு இதைக் கேட்க நீங்க வந்திருக்கமாட்டீங்க."

"அப்போ இனிமே வராதுங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் மூன்று வருடமாக என்மேல் நானே சுமத்தியிருந்த ஒன்று, அந்தக் காகிதக் கட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை என்பது விசித்திரமாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும்கூட. அங்கே நான் ஒரு பொருட்டே இல்லை.

அந்த ஞாயிறு நான் தனியாகப் பக்கத்து மெஷின்காரர் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குப் பின்பக்கத் தொழுவம் வழியாக என் மாமியாரோடு போயிருக்கிறேன். முன்வாசல் வழியாகப் போனதில்லை. அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். பிறகு, "உள்ள வா தங்கச்சி" என்றார். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரியாது என்றதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்,

"நான் கெடுதல் பண்ணிட்டேனோன்னு ரெண்டு வருசமா சோறு சரியா எறங்கலம்மா" என்றார்.

"எனக்கும்தாங்க அண்ணா."

அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றபடி எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். மகள் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாளாம். கண் கூர்மையாக இருக்க வேண்டும், எண்ணிக்கை தப்பக் கூடாது, திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் கணவருக்கு அந்த நோய் இதுவரை திரும்பி வரவில்லை. ஐந்து வருடம் முடிந்ததும் இனி வரவேண்டாம் என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். என் கணவர் நம்பிவிட்டார். நான் இன்றும் அவர் சட்டை கழற்றும் நேரம் பார்த்து, விலா எலும்பை எண்ண அந்தப் பக்கம் போகிறேன்.